மணந்து பார்த்து வாங்கிய மீன்

வெறும் மீன்பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் அந்த ஒடுக்கமான தெருவை விட்டு வெளியே நடந்துகொண்டிருந்தேன். ஒரு மீன்கூட மிச்சமில்லை. பூனைக்குப் போடச் சொல்லி மாமா ஒதுக்கிவைத்த முதல்நாள் சூரையையும் இன்றைய மீன் என்று சொல்லி விற்றுவிட்டேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. நோய்க்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டியிருந்தார்கள். பிறகு மற்றப் பிள்ளைகளுக்குத் திறந்தார்கள். நான் திரும்பிப் போகவில்லை.

கல்முனைக் கடற்கரைப் பக்கம் அந்த ஒழுங்கைப் பெண்களிடம் மீன் விற்பது லேசான காரியமல்ல. செவுளைத் திறப்பார்கள், வயிற்றை அமுக்குவார்கள், கடைசியில் முகக்கவசத்தை இறக்கி மணந்து பார்ப்பார்கள். அவர்களிடமே விற்றவன் நான் என்ற பெருமையில் என் கால் மணலில் பாவவில்லை.

உம்மாவின் தம்பியான மாமா, ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். ஊரடங்கில் மீன் விற்கப் பாஸ் கிடைத்த சிலரில் அவரும் ஒருவர். கட்டாரில் வாப்பாவின் வேலை நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தப் பாஸால்தான்.

"எங்கடா அந்தப் பழசு?"

"வித்திட்டன் மாமா."

"ஆருக்கு?"

"கேட்ட எல்லாருக்கும்."

"மணந்து பாக்கலயா அவங்க?"

"பாத்தாங்க. நல்ல மீன் எண்டுதான் வாங்கினாங்க."

பாராட்டுவார் என்று நின்றேன். அவர் என் காதைப் பிடித்தார். "நட. எல்லாத்தையும் திருப்பி எடுக்கணும். திண்டுபோட்டு ஆருக்கும் வயித்தால போனா நீயா பதில் சொல்ற?"

முதல் வீடு நீலக் கேட். அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "தந்த மீனத் திருப்பிக் கேக்கிற எந்த ஊர்ப் பழக்கம் காக்கா?" என்று மாமாவை அண்ணன் முறை சொல்லி ஏசியவர், சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மூக்கில் வைத்துக் காட்டினார். "இஞ்ச பாருங்க. ஒரு நாத்தமும் இல்ல. பச்சத்தண்ணி மாதிரி இரிக்கி."

ஆறடி தள்ளி நின்ற எனக்கே குமட்டியது. உள்ளே யாரோ இருமினார்கள். அவர் சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்தது தையல்காரர் வீடு. கடை பூட்டியிருந்ததால் அவர் வீட்டிலிருந்தே அயலவர்களுக்கு முகக்கவசம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கதவு நிலையைப் பிடித்தபடி வந்தவர், மீன் நல்லாத்தானே இருக்கிறது என்று மெல்லிய குரலில் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க இரண்டு தரம் மூச்செடுத்தார்.

சில வீடு தள்ளி ஒரு புதுமணப் பெண், கேட்டைத் திறக்கும் முன்னமே தொடங்கினாள். "காக்கா, இது மீனா, செத்த எலியா? மேல கிடந்த நல்லத மணக்கத் தந்திட்டு, பழசப் போட்டுத் தந்திருக்கான். முழுக்கக் காகத்துக்குப் போட்டுட்டன். உங்கட மருமகனுக்கு நாலு போடுங்க, இல்லாட்டி நான் போடுவன்!"

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமா, சத்தமாக. ஏச்சு வாங்கி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன மனிதரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

ஒழுங்கை முழுக்க நடந்தோம். சிலர் புகழ்ந்தார்கள், சிலர் ஏசினார்கள். முகப்புக்கு வந்ததும் மாமா சொன்னார்: "மகன், காய்ச்சல் இந்த ஒழுங்கைக்குள்ள வந்திட்டு."

மணமும் ருசியும் போனால் பரிசோதனைக்கு வரும்படி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தினமும் அறிவித்தார்கள். யாரும் போகவில்லை. அந்த நாட்களில் இந்த நோயில் மௌத்தானவர்களை, எங்கள் மார்க்கப்படி அடக்க விடாமல், அரசாங்கமே எரித்தது. போனால் பெயரை எழுதுவார்கள், பெயர் எழுதினால் நெருப்பு என்று பயந்த வீடுகள், காய்ச்சலைக் கதவுக்குள் பூட்டிவைத்திருந்தன.

சுகாதாரப் பணிமனைக்குப் போகப்போவதாக மாமா சொன்னதும் உம்மா வாசலை மறித்துக்கொண்டார்.

"உனக்கென்ன விசரா? முதல்ல உன்ட பேரத்தான் எழுதுவாங்க. மீன்காரன்தான் கொண்டு வந்த எண்டு ஊரே கதைக்கும். பாஸும் போகும், சோறும் போகும்."

"தையல்காரர் மூச்சு எடுத்தத நீங்க பாக்கல ராத்தா. நாளைக்கு அவர் மௌத்தானா, தெரிஞ்சும் சும்மா இருந்த ஆள் நான்தானே."

உம்மா வாசலை விட்டு விலகினார். கொடியில் காய்ந்த இரண்டு முகக்கவசங்களை எடுத்து வந்து, ஒன்றை என்னிடம் தந்தார்.

பணிமனை வளவில் எங்களைத் தூரத்தில் நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கதைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் எங்கள் ஊரின் படம். தொற்றுக் கண்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளி.

"அந்த ஒழுங்கையில ஒருத்தருக்கும் இல்லையே. பாருங்க, வெள்ளையாக் கிடக்கு."

"ஒருத்தரும் வராட்டி வெள்ளையாத்தானே சேர் கிடக்கும்" என்றார் மாமா. பிறகு மீன் கதையைச் சொன்னார்.

பரிசோதகர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "எந்தெந்த வீடு?"

மாமா என்னை முன்னால் தள்ளினார். "இவனக் கேளுங்க சேர். வித்தவன் இவன்தான்."

ஏழாம் வாய்ப்பாடு ஒருநாளும் என் தலையில் நின்றதில்லை. ஆனால் அந்த ஒழுங்கையைக் கடற்பக்கமிருந்து வீடு வீடாக ஒப்புவித்தேன். எந்தக் கேட், யார் வாங்கியது, யார் புகழ்ந்தது, யார் ஏசியது. ஓர் அரசாங்க உத்தியோகத்தரான அவர், என் வாயிலிருந்து வந்ததை வரி விடாமல் எழுதினார். "தம்பி, மெதுவா, மெதுவா" என்று கெஞ்சினார். புகழ்ந்த வீட்டுக்குச் சிவப்பு, ஏசிய வீட்டுக்கு நீலம் என்று தாளில் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். முடித்துப் பார்த்தபோது, சிவப்பெல்லாம் ஒரு வீட்டைச் சுற்றி நெருங்கிக் கிடந்தது.

"இந்த வீட்டுக்காரர் என்ன செய்யிறவர்?"

"மாஸ்க் தைக்கிறவர் சேர்" என்றேன்.

அவர் பென்சிலை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

அன்று பின்னேரமே ஒழுங்கைக்கு அம்புலன்ஸ் வந்தது. தையல்காரரை ஒக்சிசன் வைத்துக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஒழுங்கை முழுவதற்கும் பரிசோதனை. நான் சிவப்பென்று சொன்ன வீடுகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் நோய் இருந்தது. அந்த ஒரு வீட்டுப் பெரியவருக்கு மூக்குப்பொடி போட்டுப் போட்டு, நோய் வருவதற்கு வெகு காலம் முன்பே மூக்கு செத்துப்போயிருந்ததாம். அதற்குப் பின் வந்த வருஷங்களில் பொத்துவிலில் ஹோட்டல் கோப்பை கழுவியிருக்கிறேன், லொறிகளில் படுத்திருக்கிறேன், இரண்டு ஊர்களில் கூலி வாங்காமலே துரத்தப்பட்டிருக்கிறேன். படித்த யாராவது என்னை ஏளனமாகப் பார்க்கும்போது அந்தத் தாளைத்தான் நினைத்துக்கொள்வேன்.

உம்மா சொன்னதும் நடந்தது. எங்கள் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார்கள். பதினான்கு நாள் வீட்டுக்குள் இருந்தோம். எங்களுக்கு நோய் இருக்கவில்லை. பாஸ் மட்டும் போனது. அடைப்பு முடிந்த காலை, புதுப் பாஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த ஒழுங்கையில் தன்னிடம் மீன் வாங்குவார்களா என்று கேட்டுப்பார்க்க மாமா நடந்தார். நானும் கூடப் போனேன். என் பேரை அங்கே எல்லோரும் அறிந்திருப்பார்கள் என்று நம்பினேன்.

தையல்காரர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். அவர் தன் காலால் நடந்து வீடு வந்தது அதற்கு ஒரு வாரத்துக்குப் பிறகு. அவருடைய மூத்த மகன் எங்களை மறித்தான். பின்னால் நாலைந்து பேர்.

"எங்கட வாப்பாவக் காட்டிக் குடுத்த ஆரு? அவர எரிச்சுப்போட்டுச் சாம்பலத் தந்தா, ஆரு வாங்கிற? சொல்லுங்க, ஆரு?"

எல்லோரும் கேட்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். மாமாவின் கை வந்து என் வாயை முகக்கவசத்தோடு சேர்த்துப் பொத்தியது.

"நான்தான். நான்தான் போய்ச் சொன்ன. இவன் சின்னப்பொடியன், வீட்ட கிடந்தவன். இவனுக்கு ஒண்டும் தெரியா."

நீலக் கேட் சாத்தியது. அடுத்ததும் சாத்தியது. ஏசிய அந்தப் புதுமணப் பெண்கூட வெளியே வரவில்லை. மாமா கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பினார்.

வழியெல்லாம் எனக்கு அழுகை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே பெரிய காரியத்தை, இத்தனை பேருக்கு முன்னால் மாமா தன் பேரில் போட்டுக்கொண்டாரே என்ற ஆத்திரம். அவரை விட்டுப் பத்தடி முன்னால் நடந்தேன். சில நாளில் அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் என்னை வழக்கம்போலப் பந்தடிக்கக் கூப்பிட்டார்கள். நானும் வழக்கம்போலப் போனேன். அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒழுங்கையிலிருந்து திரும்பிய மறுநாளே விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு மாமா மோட்டார் சைக்கிளிலிருந்து மீன் பெட்டியைக் கழற்றி வைத்தார். சாகாமத்து வயல்களில் அறுவடை தொடங்கியிருந்தது. நெல் மூடை ஏற்றும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். "போயிட்டு வாறன் மகன்" என்று வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னார். நான் போர்வைக்குள் தூங்குவதுபோலக் கிடந்தேன். அவர் மூடை தூக்கப் போய்விட்டார்.