நிழலில் காயும் பேடு

கெங்கம்மா அத்தை பேடு காயவைப்பது திட்டலில்தான் தொடங்கும். காலையில் கதவைத் திறந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த இரண்டு கோல்கீப்பர் பேடுகளையும் திட்டியபடி காலாலேயே தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வருவார். தொடை முதல் பாதம் வரை மறைக்கிற தடித்த ஃபோம் பேடு. கைப்பிடிச் சுவரில் சாய்த்து, பட்டைகளைப் பிரித்து, உள்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி வைப்பார். வெயில் பட்டால் ஃபோம் சுருங்கிவிடும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதனால் சோறு வடிக்கிற நேரத்திலும் கரண்டியோடு வந்து பார்ப்பார். வெயில் ஒரு சாண் ஏறியிருந்தால் பேடும் ஒரு சாண் நகரும். கடைசியில் உள்ளே மூக்கை விட்டு ஒருமுறை முகர்ந்து, "கலீஜு" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

அது மகள் மதியின் பழைய பேடு. மதி அப்போது பெங்களூரில், உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் முகாமில் இருந்தாள். அங்கே புதுப் பேடு கொடுத்திருந்தார்கள். யாரும் மாட்டாத பழசைத் தினமும் எதற்குக் காயவைக்க வேண்டும்? அடுத்த வீட்டுக்காரனான எனக்கு அது தாய்ப்பாசம் என்று தோன்றியது. ஒருநாள் தைரியம் வந்து கேட்டும் விட்டேன்.

"கோல்கீப்பரு மூணு பேரு கீறாளுங்க. ஏரோப்ளேன் ஏறப்போறது ரெண்டு பேரு. இவள வேணாம்னு அனுப்பிட்டா, இங்க லீக் மேட்சுக்கு இன்னாத்த மாட்டிகினு நிப்பா? காளான் பூத்த பேடயா? பாசமாம் பாசம். போய் பொஸ்தகத்தப் படி, போ."

மதி திரும்பி வரக்கூடாது என்று அவரைவிட யாரும் ஆசைப்பட்டிருக்க முடியாது. திரும்பி வந்தால் என்ன செய்வது என்று யோசித்த ஒரே ஆளும் அவர்தான்.

அத்தைக்கு வேலை, திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் காலிப் பெட்டிகளைக் கழுவுவது. வெங்காயம் வந்த பெட்டி, தோல் வந்த பெட்டி, என்ன வந்தது என்றே தெரியாத பெட்டி. கணவர் குணசேகரன் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் இருக்கிறார், வாயைத் திறக்காதவர். அவருக்கும் சேர்த்து அத்தைதான் பேசுவார்.

பேச வைப்பதற்கும் ஊரில் ஆள் குறைவில்லை. வியாசர்பாடியில் பிறந்த குழந்தை நடக்கும் முன்பே பந்தை உதைக்கும். மதியும் எங்கள் கிரவுண்டில் பையன்களுக்கு நடுவே கோல் காத்தவள்தான். பந்துக்குக் கண்ணை மூடாத பெண் என்று பள்ளி பி.டி. மாஸ்டர் ஹாக்கிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் அவள் கோல்கீப்பர்தான் என்பது பத்து வருஷம் ஆகியும் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு விளங்கவில்லை.

"இன்னா கெங்கம்மா, மதி எத்தினி கோலு போட்டுச்சு?"

"அவ போட்றவ இல்லய்யா, தடுக்கறவ! எத்தினி வாட்டி சொல்றது?"

"சரி சரி. எப்ப போடும்?"

இந்த லட்சணத்தில்தான் பீம்ராவ் பேனர் கட்டினான். பீம்ராவ் என் தோஸ்து. காது குத்தல், கல்யாணம், நினைவஞ்சலி எதுவானாலும் எங்கள் பிளாக் வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டாமல் அவனுக்குத் தூக்கம் வராது. என்னிடம் நாலு வரி கவிதை கேட்டான், எழுதிக் கொடுத்தேன். எதுகை இல்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு அவனே எழுதிக்கொண்டான்: "உலகக் கோப்பைக்குச் செல்லும் வியாசர்பாடியின் பெண்புலி மதி!" நடுவில் ஹெல்மெட்டும் பேடுமாக ஒரு கோல்கீப்பர். கீழே, வாழ்த்துகிற தலைகள் கூலிங் கிளாஸோடு வரிசையாக. அணியின் பட்டியல் இன்னும் வெளியாகவே இல்லை.

சாயங்காலம் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய அத்தை நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"டேய் பீமு. யாருடா இது?"

"இன்னாத்த, பெத்த பொண்ணத் தெரியலியா?"

"பெத்தவளாண்ட சொல்றியா? மதிக்கு வலது முட்டி உள்ள வளையும். இவ தூணு மாரி நிக்கிறா. எங்கடா புட்ச்ச இந்தப் படத்த?"

பீம்ராவ் தலையைச் சொறிந்தான். "நெட்டுல இந்தியா கோல்கீப்பருன்னு போட்டேன், வந்துச்சு. ஹெல்மெட்டுக்குள்ள யாரு கீறாங்கன்னு எனுக்கு இன்னா தெரியும்த்த?"

"லிஸ்டும் வரல, ஆளும் வேற. கழட்டு!"

"ஏணிய குடுத்தனுப்பிட்டேன். நாளிக்கு."

அத்தை பேனரை ஃபோனில் படம் பிடித்தார். "பாக்கட்டும், நீங்க பண்ற கூத்த அவளும் பாக்கட்டும்" என்று மதிக்கு அனுப்பிவிட்டு மேலே ஏறிப் போனார்.

நாளைக்கு என்றால் எங்கள் பிளாக்கில் அது ஒரு தேதி கிடையாது. பேனர் அப்படியே இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கைகொடுத்தார்கள். யார்டு சூப்பர்வைசர் ஸ்வீட் எங்கே என்றார். "லிஸ்டு வரலய்யா, வரலய்யா" என்று சொல்லிச் சொல்லி அத்தைக்குக் குரலே கம்மிவிட்டது. பீம்ராவைப் பார்த்தாலே செருப்பைத் தேடினார். அவன் பின்வாசல் வழியாக நடமாடினான்.

பட்டியல் ஒரு காலையில் வந்தது. வராந்தாவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை ஒரு கையில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் பேடை நிழலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். தாழ்ந்த குரலில் ஏதோ ஒன்று கேட்டார், அதற்கு வந்த பதிலுக்கு ஏதோ சொன்னார், எனக்கு இரண்டும் விழவில்லை. பிறகு, "சரி, சாப்ட்டியா? அயுவாத. பேடு காஞ்சிகீது, வா" என்று வைத்துவிட்டார்.

அன்றைக்குப் பேடை முகரவில்லை. கலீஜு என்றும் சொல்லவில்லை.

சேதி பிளாக் முழுக்கப் பரவியதும் பீம்ராவ் ஏணியோடும் கத்தியோடும் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. முதல் கயிற்றில் கத்தியை வைத்திருப்பான், மேலே வராந்தாவிலிருந்து சத்தம் வந்தது.

"டேய்! எறங்குடா!"

"கழட்டறேன்த்த. மன்னிச்சுக்கோ."

"கழட்டச் சொன்னப்ப கழட்டுனியா? இப்ப இன்னாத்துக்குக் கழட்ற? கெடக்கட்டும் அது. எறங்கு, கைய ஒட்ச்சுப்புடுவேன்."

"பாக்கறவன்லாம் கேப்பானே, அத்த."

"கேக்கட்டும். பதில் சொல்றது நானா, நீயா?"

பீம்ராவ் இறங்கி வந்து என் காதில் குமுறினான். "பேஜாரு மாமு. கட்னாலும் திட்டுது, கழட்டுனாலும் திட்டுது." எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. அத்தை தினமும் அதன் கீழேதானே நடந்து போகிறார்? போகாத பெண்ணைப் போகிறாள் என்று சொல்கிற ஒரு பொய்யை வாசலில் எதற்குக் கட்டிவைத்திருக்க வேண்டும்? கேட்கத் துணிச்சல் வரவில்லை. உலகக் கோப்பை முடிகிற வரை பேனர் அங்கேயே இருந்தது. பிறகு ஒரு மழைக்காற்றில் பாதி கிழிய, மீதியைக் குணசேகரன் மாமா பைக்குக்குப் போர்த்திக்கொண்டார்.

மதி வந்து, அந்தப் பேடை மாட்டிக்கொண்டு லீக் ஆடத் தொடங்கிவிட்டாள். போன மாதம் அவள் வராந்தாவில் பேடின் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பேனரைப் பற்றிக் கேட்டேன். சிரித்தாள். படத்தில் இருந்தது முகாமில் அவளுடைய ரூம்மேட், ஜார்க்கண்டுப் பெண். அத்தை படம் அனுப்பிய அன்று ராத்திரியே மதி அதைச் சொல்லியிருக்கிறாள். பட்டியல் வந்த காலையில், எனக்குக் காதில் விழாமல் போன அந்தக் கேள்வி, "அந்தப் பேனர் பொண்ணு போவுதா?" என்பதுதான்.

"போவுதும்மா, என் எடத்துல அவதான்னேன். 'அப்ப கெடக்கட்டும். பேருதான் தப்பு, ஆளு கரெக்டு'ன்னுச்சு."