கிட்டார் பார்க்கப் போன சந்தியாகு அண்ணன்

சந்தியாகு அண்ணன் போய்விட்டார்... இன்று காலை, மஹய்யாவ வீட்டில். இரண்டு நாள் நெஞ்சுவலி, அவ்வளவுதான். நாளை மாலை அடக்கம்.

கட்டுகஸ்தோட்டைத் தையல் கடையில் எனக்குப் பக்கத்து மெஷின் அவர். கிட்டார் என்றால் பைத்தியம். வாசிக்கத் தெரியாது, கேட்கத்தான்.

நீர்கொழும்புத் திருவிழாவில் ஒருவர் நன்றாக வாசிக்கிறார் என்று யாராவது சொன்னால் போதும், சனிக்கிழமை கடை மூடியதும் ரயிலேறிவிடுவார். திங்கட்கிழமை பட்டன் தைத்துக்கொண்டே முழுக் கச்சேரியையும் வாயால் வாசித்துக் காட்டுவார். முதலாளி முறைப்பார்... அண்ணனா அடங்குவார்?

ஆனால் அவர் உயிரையே வைத்திருந்தது ஒரு ஹவாய் கோஷ்டி மேல். கிட்டாரை மடியில் படுக்கவைத்து, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு வாசிப்பார்களே... அவர்கள். பாலத்தடி டீக்கடை கிராமபோனில் அவர்கள் ரெக்கார்ட் ஓடினால் அண்ணனின் டீ ஆறிப்போகும்.

மூன்று வருடம் முன்னால், அந்த மலேரியா வருடம், அவர்கள் கொழும்புக்கு வந்தார்கள். ஒரே ஒரு ஷோ. அதுவும் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில்.

அண்ணி அப்போதுதான் காய்ச்சலிலிருந்து பிழைத்து எழுந்து உட்கார்ந்திருந்தார். "எத்தன வருசமா காத்துக்கிட்டு இருந்தீங்க, போயிட்டு வாங்க" என்று அவரே துரத்திவிட்டார்.

நானும் கூடப் போனேன். ரயிலில்தான் அண்ணன் எனக்கு விஷயத்தைச் சொன்னார். அண்ணி பிழைக்க வேண்டும் என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்... ஈஸ்டர் வரைக்கும் பாட்டு, வாத்தியம் எதுவும் காதில் விழக் கூடாது.

"அப்ப ஏண்ணே வர்றீங்க?"

"கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன். பாக்க மாட்டேன்னு சொல்லலையே! அவகிட்ட மூச்சு விட்டுறாத. தன்னாலதான்னு அழுவா."

ஷோவில், மெழுகில் தோய்த்த பஞ்சு இரண்டு காதிலும். அதற்கு மேல் மஃப்ளர். கொழும்பு வெக்கையில்! பக்கத்து சீட்காரர் காதுவலியா என்று கேட்டார்... இவருக்கு அதுவும் கேட்கவில்லை.

வாசிப்பைப் பற்றி என்ன சொல்ல... உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆனால் பாதி நேரம் நான் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் இமைக்காமல் அந்த விரல்களையே பார்த்தார். கண்ணீர் வடிந்தபடி இருந்தது. பஞ்சைத் தொடவே இல்லை. அப்படி ஒரு மனுஷனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

திரும்பும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் என்னை அறியாமல் அந்த மெட்டை முணுமுணுத்துவிட்டேன். அப்போதுதான் பஞ்சை எடுத்திருந்தார் போல... வாயில் பளாரென்று ஒன்று விழுந்தது.

"அவ சாகணுமாடா?"

ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இப்ப பாடுடா."

எனக்குக் கழுதைக் குரல். இருந்தாலும் ஞாபகம் இருந்ததையெல்லாம் பாடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் தன் மடிமேல் விரலால் வாசித்தார். நான் மறந்துபோய் நிறுத்திய இடத்தில் விரல் நிற்கவில்லை... நான் மறுபடி பிடித்துக்கொள்ளும் வரை ஓடிக்கொண்டே இருந்தது.

இன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அந்தக் கொழும்புக் கச்சேரியப் பத்தித்தான் எப்பவும் பேசுவாரு தம்பி. அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"ஆமா அண்ணி... அவரு சொன்ன மாதிரியேதான்."

அண்ணிக்கு எழுத்து தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

போய் வாங்கண்ணே.