மாயா அக்காவின் இரண்டு அலமாரிகள்

செய்தி வந்தபோது நான் பெங்களூரில், அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். போனில் ஆரோக்கியம் அண்ணனின் பெயரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தேன். ஜப்பானிலிருந்து புது டிஸ்க் வந்து சேர்ந்தால் ஒழிய வேலை நேரத்தில் அவர் யாரையும் அழைக்கமாட்டார்.

"விமலா, மாயா நம்மள வுட்டுட்டுப் போயிட்டாங்கமா," என்றார். "காலைல டீ போட்டுகினு இருந்தாங்களாம். நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். அவ்ளோதான்."

கோலார் தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் மாயாதேவி அக்காவை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெங்களூரில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவர். எலக்ட்ரீஷியன் தனசேகர் அண்ணனின் மனைவி. அனிமே எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களின் டிஸ்க்குகளைச் சேகரித்தவர். கடைசியாகச் சொன்ன இந்தச் சேகரிப்பை எங்கள் கேஜிஎப்பில் அவ்வளவு பகிரங்கமாக, அவ்வளவு சந்தோஷமாகச் செய்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அது தொடங்கியதே ஒரு தவறுதலில்தான். அக்காவின் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே பௌத்தம். ஒரு புத்த பூர்ணிமைக்கு விகாரையில் படம் போடலாம் என்று பேச்சு வந்தபோது, "நான் வாங்கியாறேன்" என்று அக்கா பொறுப்பேற்றார். பெங்களூரில் நடைபாதைக் கடையில் ஒரு டிவிடி. அட்டையில் அடுக்கு அடுக்கான கோபுரமும் பூத்த மரமும் இருந்தன. புத்தர் கதைதான் என்று நம்பி வாங்கி வந்துவிட்டார். விகாரையில் எல்லோரும் வெள்ளை உடுத்தி, கைகூப்பி உட்கார்ந்திருக்க, திரையில் அந்தக் கோபுரம் இரண்டாகப் பிளந்து உள்ளிருந்து ஓர் இரும்பு ராட்சதன் எழுந்து நின்றானாம். அக்கா ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"இரும்மா. இவனுக்கும் ஆசை இருக்குது, துக்கம் இருக்குது. இன்னா ஆவுறான்னு பாத்துட்டுப் போலாம்."

முழுப் படமும் ஓடியது. அன்றைக்குப் பாயசம் ஆறிப்போனதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நான் அவரைச் சந்தித்தது, எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் தினமும் ஏறும் மாரிகுப்பம் ரயிலில். நான் வேலையில் சேர்ந்த புதிது. மடியில் சின்ன மடக்கு டிவிடி ப்ளேயரை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். படம் ஜப்பானிய மொழியில் ஓடியது. அடியில் ஆங்கில வரி வந்துகொண்டிருந்தது. அதை அவர் அந்தக் கணமே எங்கள் தமிழாக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அரசகுமாரன் வாளை உருவியபடி, "இன்னாடா நெனச்சிகினு கீற உன் மனசுல?" என்று கேட்டான். எதிர்ப்பக்கத்துச் சேனாதிபதி, "தபாரு, மரியாதயா பேசு" என்றான். நான் நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

"பொம்மைப் படமா அக்கா?" என்று கேட்டேன்.

"பொம்மைப் படம் இல்லமா, அனிமே. வா, உக்காரு. இந்தப் பொண்ணுக்குக் குரல் குடுக்க ஆள் இல்லாம நானே கத்திகினு கீறேன். நீ பேசு."

அன்று பங்காருபேட்டை வருவதற்குள் நான் ஒரு ஜப்பானிய இளவரசியாகிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் என் இடம் மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவர் வீட்டில் இதுவே பெரிதாக நடக்கும். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அது; அதன் முன்னறையில் எத்தனை பேர் உட்கார முடியுமோ அதைவிடக் கூடுதலாகவே வந்தார்கள். பக்கத்து வீட்டு ரத்தினம்மாவுக்காக முக்கியமான கட்டங்களில் படத்தை நிறுத்தித் தெலுங்கில் ஒரு தரம் சொல்வார். ரத்தினம்மா தலையாட்டினால்தான் படம் நகரும். தனசேகர் அண்ணன் சுண்டல் கிண்ணங்களைக் கொடுத்துவிட்டு, தான் ஏற்றுக்கொண்ட ஒரே வேலையான குதிரைக் குளம்படிச் சத்தத்தைக் கொட்டாங்குச்சிகளால் செய்துகொண்டிருப்பார்.

ஆரம்பத்தில் நடைபாதை டிஸ்க்குகள்தான். பிறகு அக்காவுக்கு அவற்றைப் பிடிக்காமல் போயிற்று. வரைந்தவனுக்கு நாம் ஏதாவது கொடுக்க வேண்டாமா என்றார். பண்டிகைக்குப் பண்டிகை ஒன்று என்று அசல் டிவிடிகளை வரவழைத்தார். அட்டைப்பெட்டியோடு, உள்ளே சின்னப் படப் புத்தகத்தோடு வரும். அலமாரி நிறைந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் ஆரோக்கியம் அண்ணன் எங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்தார். தங்கவயலிலேயே பாலகாட் பகுதிக்காரர், பெங்களூரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தெளிவாகத் தெரியாத எதையும் சகித்துக்கொள்ள முடியாதவர். அவரும் அனிமே சேகரிப்பவர் என்று தெரிந்த அன்று அக்காவுக்கு ஏற்பட்ட சந்தோஷம், அவர் டிவிடியைவிடத் துல்லியமாகப் படம் காட்டும் ப்ளூ-ரே டிஸ்க்கின் ஆள் என்று தெரிந்ததும் சண்டையாக மாறியது.

"டிவிடியா பாக்குறீங்க? அழுக்குக் கண்ணாடி போட்டுகினு பாக்குற மாதிரி இருக்குமேங்க. என் டிவிடி எல்லாத்தையும் நான் குடுத்துட்டேன். இனிமே ப்ளூ-ரேதான்."

"கதை புரியறதுக்கு இதுவே போதும் ஆரோக்கியம். உங்களுக்கு அவன் மூக்கு மேல கீற வேர்வையும் தெரியணும்."

"தெரியணும்தான்!"

இந்தச் சண்டை காலையில் சாம்பியன் ஸ்டேஷனில் ஏறி பெங்களூரில் இறங்கும், மாலையில் மறுபடி ஏறும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் ப்ளூ-ரே ப்ளேயரைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா டிவிடியில் வைத்திருந்த, அவருக்கு உயிரான பழைய படம் ஒன்றின் ஜப்பான் ப்ளூ-ரே அவர் கையில் இருந்தது. அன்றுதான் பிரித்தார். தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. டிஸ்க் உள்ளே போயிற்று. திரையில் இந்த நாட்டில் இது ஓடாது என்ற பொருளில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். கம்பெனிக்காரர்கள் உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டின் டிஸ்க் இன்னொரு துண்டின் ப்ளேயரில் ஓடாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணன் அதுவரை வாங்கியவை எல்லாம் நம் பக்கத்துக்குப் பொருந்துபவையாக இருந்ததால் அவருக்கு அந்தப் பூட்டு உறைக்கவில்லை.

அண்ணனின் முகம் சுருங்கிப்போயிற்று. இன்னொருவராக இருந்தால் அந்த வெற்றியைக் கொண்டாடியிருப்பார். அக்கா எழுந்து அந்த வெற்றுத் திரைக்கு முன்னால் போய் நின்றார்.

"டிவி ஓடலன்னா இன்னா? நான் ஓடறேன்."

முழுப் படத்தையும் அவரே நடத்தினார். மழை, ரயில், மலைப்பாதையில் தொலைந்த சிறுமி, அவளைத் தேடிவரும் ஓநாய், எல்லாமே அவர்தான். தனசேகர் அண்ணன் குளம்படி போட்டார். படத்தில் குதிரையே கிடையாது. ஓநாய் விடைபெறும் கட்டத்தில் ரத்தினம்மா அழுதார். ஆரோக்கியம் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர் எந்தத் துண்டின் டிஸ்க்கும் ஓடுகிற ப்ளேயர் ஒன்றை எப்படியோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டிவி. ஒன்றில் அக்காவின் டிவிடி, இன்னொன்றில் அண்ணனின் ப்ளூ-ரே. அதே படம், அதே மழை. அக்கா முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தார். பிறகு நகர்ந்து நகர்ந்து திரைக்கு ஒரு சாண் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

"விமலா, இங்க வாயேன். இந்த வானத்தப் பாரு. பிரஷ் போன தடம் தெரியுதுடி."

நானும் பார்த்தேன். டிவிடியில் வெறும் நீலமாக இருந்த வானத்தில் ப்ளூ-ரேயில் தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும் இருந்தது. ஓர் ஓரத்தில், படம்பிடித்தபோது ஓவியத்தின் மேல் ஒட்டியிருந்த ஒரு தூசுகூடத் தெரிந்தது.

"ஒரு மனுஷன் உக்காந்து வரைஞ்சிருக்கான்," என்றார் அக்கா. தையல் தையலாகத் துணியைப் பார்த்துப் பழகிய கண்கள் நிறைந்திருந்தன. "இத்தினி வருஷமா கதைய மட்டும் பாத்துகினு, அவன் கையப் பாக்காம இருந்துட்டேனே." பிறகு திரும்பி, "ஆரோக்கியம், நீங்க ஜெயிச்சீங்க. சுண்டல் சாப்புடுங்க," என்றார்.

அப்படி அக்காவும் ப்ளூ-ரேக்கு வந்தார். இரண்டாவது அலமாரி வந்தது. முதல் அலமாரியை என்ன செய்வது என்று தனசேகர் அண்ணன் கேட்டபோது, "இருக்கட்டுமே, அது சோறா கேக்குது?" என்றார்.

கொஞ்ச நாளில் ஆரோக்கியம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார். ரயிலிலும் பேச்சு குறைந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்டால் இல்லை என்பார். அக்கா பொறுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பாலகாட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் வெகுநேரம் சுற்றி வளைத்தபின் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு மிகப் பிரியமான தொடர், மீனவ வீட்டு அண்ணன் தங்கை கதை. அவருடைய அம்மா கடைசியாகப் படுத்திருந்த மாதங்களில் இருவரும் சேர்ந்து பார்த்தது. அதன் ப்ளூ-ரே வெளிவந்ததும் ஆசையோடு வாங்கியிருக்கிறார். ஆனால் பழைய சதுர டிவிக்காக வரைந்த படத்தை, இப்போதைய அகலத் திரை நிறையவேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டிவிட்டிருந்தார்கள். கரையில் தங்கை விளக்கைத் தலைக்குமேல் உயர்த்தி அண்ணனின் படகுக்குக் காட்டும் காட்சி வரும். வெட்டிய படத்தில் அவள் வெறும் கையைத்தான் உயர்த்திக்கொண்டு நின்றாள்.

"அந்த வெளக்கு வந்தா எங்கம்மா என் கையப் புடிப்பாங்க," என்றார் அண்ணன். "இப்ப வெளக்கே இல்ல மாயா. டிவிடிய நான் குடுத்துட்டேன். எங்கயும் கிடைக்கல. உங்க கிட்ட கேக்கவும் வாய் வரல. அவ்ளோ பேச்சுப் பேசினவன்."

அக்கா எழுந்தார், ஆட்டோ பிடித்தார், வீட்டுக்குப் போனார், அந்தத் தொடரின் டிவிடிப் பெட்டியையும் பழைய ப்ளேயரையும் ஒரு புடவையில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அண்ணனை உட்காரவைத்து அந்த அத்தியாயத்தைப் போட்டார். படம் மங்கலாகத்தான் இருந்தது. கடல் வந்தது, கரை வந்தது, தங்கை கையை உயர்த்தினாள். விளக்கு இருந்தது.

சிறிது பொறுத்து அக்கா மெதுவாக, தங்கையின் குரலில், "யண்ணா, இங்க கீறேன். நேரா வா," என்றார்.

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். பெட்டியைத் திரும்ப வாங்க அக்கா மறுத்துவிட்டார். "இது உங்க வீட்டுப் படம். என் அலமாரில இவ்ளோ நாளா வாடகைக்கு இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவர்களுடைய சண்டை வேறு விதமாயிற்று. எந்தத் தொடர் ப்ளூ-ரேக்குப் போகவேண்டும், எது டிவிடியிலேயே இருக்கவேண்டும் என்று வாதாடுவார்கள். கையால் வரைந்து பிலிமில் எடுத்த பழையவை ப்ளூ-ரேயில் புதிதாகப் பிறந்து வருகின்றன என்பதையும், கம்ப்யூட்டரில் சின்னதாகவே செய்து முடித்த சில நடுக்காலத்துத் தொடர்களில் கூடுதலாகத் தெரிய ஒன்றுமில்லை என்பதையும் அவர்கள் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு படமும் இரண்டு டிவியில் பரீட்சை எழுதியது. ரத்தினம்மாதான் நீதிபதி. ஒருமுறை தீர்ப்பு கேட்டபோது அவர், இரண்டிலும் பையன் கெட்டவன்தான் என்றார். வழக்கு அத்துடன் முடிந்தது.

இப்போது எல்லாம் போனிலேயே வருகிறதே, டிஸ்க் எதற்கு என்று ரயிலில் இளம்பெண்கள் கேட்பார்கள். "அவங்க இஷ்டத்துக்குக் காட்டுவாங்க, இஷ்டத்துக்கு எடுத்துடுவாங்கமா. இங்கன்னா நான் வெச்சா வெச்ச எடத்துல இருக்கும்," என்பார். கேட்ட பெண்ணிடமே ஏதாவது ஒரு குரலையும் கொடுத்துவிடுவார். போன மாதம்கூட ஒரு புதுப்பெண் பங்காருபேட்டையில் இறங்க வேண்டியவள், டிராகன் வேடத்தில் மும்முரமாக இருந்ததில் அடுத்த ஸ்டேஷன்வரை போய்விட்டாள்.

இறுதிச் சடங்கன்று வண்டிக்கு முன்னால் வைக்க ஒரு படம் வேண்டும் என்றார்கள். தனசேகர் அண்ணன் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தால் அவருக்குக் கண் மூடிக்கொள்ளும். கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லை. ஸ்டூடியோக்காரர் ஆதார் அட்டையைக் கேட்டார்.

"வேணாங்க," என்றார் அண்ணன். "அதுல கீறது என் பொண்டாட்டியே இல்ல. இதையே போடுங்க."

பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்லி முடித்து, வண்டி சாம்பியன் ரீப்ஸ் தெருக்களில் மெல்ல இறங்கியது. கண்களை மூடி, வாய் நிறையச் சிரித்தபடி அக்கா முன்னால் போனார். எதிரே வந்த பேருந்து ஒன்று ஓரமாக நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கைகூப்பினாள், படத்தை நிமிர்ந்து பார்த்தாள், அவளையும் மீறிச் சிரித்துவிட்டாள். அவள் யாரோ, எந்த ஊரோ. அக்காவை அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அப்படியே போங்கள் அக்கா. பார்க்கிறவர்கள் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே போங்கள்.