நான் உள்ளே அழைக்காத சம்பந்தியம்மா

மூன்று வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இறந்த பிறகும் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. இனியும் பேசாமல் இருக்க முடியாது. போன வாரம் காலையில் மருமகன் அழைத்து, "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றார். செங்கோட்டைக்குப் போய் மாலை போட்டேன். வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே சொல்லாததை, அவரை அறிந்த உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் சம்பந்தியம்மாவை எனக்குப் பிடிக்காது. கல்யாணப் பத்திரிகையில் என் பட்டங்களைப் போடாமல் விட்டார்கள். இரண்டு எம்.ஏ. படித்தவன் நான். கேட்டதற்கு, "இடம் பத்தலையாம் அண்ணாச்சி. சாமி பேரையா எடுக்கச் சொல்லுதிய?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

மகளுக்குத் தலைப்பிரசவம். மேலகரத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். சுகப்பிரசவம்தான். ஒரு மாதம் கழிந்தும் அறையை விட்டு வரவில்லை. பிள்ளையை மடியில் வைத்தால் பால் கொடுப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். "உனக்கு என்ன குறை?" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். செல்லம் கொடுத்தது அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா, மருமகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் மறுபடி பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏட்டி, செருப்ப மாட்டு. டாக்டரம்மாட்ட கேட்டுட்டேன், மெதுவா நடக்கலாமாம்."

"பச்ச ஒடம்பு மதினி, சாரல் வேற அடிக்கு" என்றாள் என் மனைவி.

"குத்தாலத்துச் சாரல்ல எவளும் கரைஞ்சு போகல. படுத்தே கெடந்தா மனசு தன்னையே தின்னும்."

அதன்பின் தினமும் வந்தார். அருவிக்குப் போகும் கார்களின் தொந்தரவு இல்லாத தோப்போரப் பாதையில் இருவரும் நடப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன சார்வாள், பெத்த வீட்டுலயும் மாமியா வந்து பரேடு எடுக்காளாக்கும்?"

எனக்கு அது போதும். மறுநாள் வாசலிலேயே மறித்தேன். "இது எங்க வீடு. உங்க அதிகாரத்த செங்கோட்டையோட வச்சிக்கிடுங்க."

"சரி அண்ணாச்சி, உள்ள வரல. பிள்ளய வெளிய அனுப்புங்க" என்றார். சொன்னபடி அதன்பின் படியேறவில்லை. குடையோடு தெருவில் நிற்பார். மனைவி மகளை அனுப்புவாள். நான் பேப்பர் படிப்பேன். ஒருநாள் தெருவிலிருந்தே கேட்டார்: "நீங்களும் வாரியளா அண்ணாச்சி? தொந்தி கொறையும்." நான் பக்கத்தைப் புரட்டினேன்.

மெல்ல மெல்ல மகள் தேறினாள். பிள்ளையோடு பேசிச் சிரித்தாள். நல்ல ஓய்வு கொடுத்தோம், சரியாகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அடக்கம் முடிந்த அன்று மகள் அழுகையை நிறுத்தவில்லை. "பெத்த தாயா போயிட்டா? எந்திரிம்மா" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, அந்த நாள்ல நான் இருக்கவே வேண்டாம்னு தோணும். நடக்கயிலதான் அத்தைட்ட சொன்னேன். திட்டல. 'எனக்கும் இருந்துச்சுட்டீ, ஒருத்தரும் கேக்கல'ன்னாங்க. மறுநாளே நடக்கப் போற சாக்குல டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாங்க. மருந்தையும் விடக் கூடாது, நடையையும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்கதான் என்ன குறைன்னு கேட்டுட்டீங்களேப்பா."

இதை அவர் ஒருநாளும் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் எனக்கு விட்டுச் சென்றது என் மகளை. வேறெதையும் நான் கேட்டு வாங்கும் நிலையில் இல்லை.

எழுதப் போகிறேன் என்றதும் மகள், "என் பேரப் போட்டே எழுதுங்க. படிக்கிற எவளுக்காவது தைரியம் வரும்" என்றாள். நம் ஊர் முகநூல் பக்கத்தில் பெயரை மறைத்துப் பதிவிட வழி இருக்கிறது. இது யார் என்று பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவீர்கள். இருந்தும், நாளைக் காலை தெருவில் இறங்க வேண்டுமே என்று பயப்படுகிறேன். அவள் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. இப்படியே பதிவிடுகிறேன்.