பாதி ஈரம்

மாரித் வீட்டு ஃபிரிட்ஜின் கதவு என்ன நிறம் என்று யாருக்கும் நினைவில்லை. கதவு முழுவதையும் ஓர் அட்டவணை மூடியிருந்தது. பதினான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அவளே வரைந்த ஒரு சிறுமி. முதல் கட்டத்தில் சட்டைக்கையின் நுனி மட்டும் நீலம். இரண்டாவதில் முழங்கை வரை. அப்படியே நீலம் ஏறி ஏறி, பதினான்காவது கட்டத்தில் சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாமே நீலமாகி, சிறுமி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதுவரை வந்திருக்கிறோம் என்று காட்ட ஒரு பசுமாட்டுக் காந்தம். அந்த மாடு ஐந்து வாரமாக இரண்டாவது கட்டத்தை விட்டு நகரவில்லை.

"அந்தப் பொண்ணு யாரு?" என்று முதல் நாளே கேட்டாள் மகள் இம்கே.

"நீதான்டா."

"நான் இல்ல. எனக்கு அந்த எடத்துல பல்லு விழுந்துடுச்சு."

இம்கேவுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்ற பெயர் ஐந்து வயதில் வந்தது. பெயர் வந்ததில் மாரித்துக்குக் கொஞ்சம் நிம்மதிதான். பெயர் இருந்தால் அதைப் பற்றிப் படிக்கலாம்.

அவர்கள் வாழும் தாழ்நிலப் பகுதியான ஃபிரீஸ்லாந்தில் வாய்க்கால் இல்லாத தெரு கிடையாது. அதனால் அங்கே பிள்ளைகளுக்கு நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. தவறி விழுகிறவர்கள் யாரும் நீச்சலுடை போட்டுக்கொண்டு விழுவதில்லை. சட்டையும் ஷூவும் போட்டபடியே குதித்து, நீந்தி, யார் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தால்தான் சான்றிதழ். இம்கே மீன்குஞ்சு மாதிரி நீந்துவாள். தேர்வுக்காகத் தண்ணீருக்கடியில் தொங்கவிட்ட படுதாவின் ஓட்டைக்கு முன்னால் மற்ற பிள்ளைகள் தயங்கும்போது, இவள் அதற்குள் புகுந்து போய்த் திரும்பியும் வந்துவிடுவாள். ஆனால் ஈரத்துணி உடம்பில் பட்டால் போதும், தோலை யாரோ உரிப்பதுபோல் அலறுவாள். இரண்டு தேர்வுகள் அப்படியே போய்விட்டன.

அவளுக்குச் சான்றிதழ் வேண்டியது பலகைத்துறைக்காக. வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துறையை அவள் அப்பா வீபே போட்டிருந்தான். படகு எஞ்சின் பழுதுபார்ப்பது அவன் வேலை. துறைக்கு ஒரு சின்ன வேலிக்கதவு. தாழ்ப்பாள் பெரியவர்கள் உயரத்தில். சான்றிதழ் இல்லாதவர்கள் தனியாக அங்கே போகக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கோடை வந்தால் படகுகளுக்கு வழிவிடத் தூக்குபாலம் ஏறி ஏறி இறங்கும், படகுகள் வரிசையாகப் போகும். ஒவ்வொரு படகின் பெயரையும் இம்கே எழுத வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் எழுத முடியாது.

"நான் பேசவே மாட்டேனே," என்பாள் மாரித்.

"நீ மூச்சு விடுற. கேக்குது."

மூன்றாவது தேர்வு ஜூனில். அதையும் விட்டால் கோடை முடிந்துவிடும்.

மாரித் மாட்டுப்பண்ணையில் பிறந்தவள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவளும் அவள்தான். நீர் வாரியத்தில் வேலை. வயல்களுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களின் நீர்மட்டத்தை எப்போது எவ்வளவு ஏற்றலாம், இறக்கலாம் என்று திட்டம் போடுவாள். ஒரேயடியாக ஏற்றக்கூடாது, சென்டிமீட்டர் சென்டிமீட்டராகத்தான் ஏற்ற வேண்டும். அந்த வேலையில் அவளுக்கு நல்ல பெயர். அதே முறையில்தான் மகளையும் நனைக்கத் திட்டம் போட்டாள். படித்த புத்தகங்களும் அதைத்தான் சொல்லியிருந்தன. ஆனால் இரவு பல் துலக்கும்போது சில சமயம் ஒரு கேள்வி வரும்: இந்த அட்டவணை யாருடைய பயத்துக்கு? கேள்வியைத் துப்பிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

ஏப்ரலில் அவள் அண்ணன் ஜெல்லேவுக்கு நாற்பது வயதானது. பண்ணைவீட்டு நடுக்கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வட்டத்தைச் சுற்றி வந்து ஒருவர் விடாமல் கைகுலுக்கி, கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து, பிறந்தநாள் ஜெல்லேவுக்கு மட்டும்தான் என்றாலும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். இம்கே முழங்கையை மட்டும் நீட்டினாள். அந்தக் குடும்பத்துக்கு அது பழகிவிட்டது. பதிலுக்கு அவரவர் முழங்கையை நீட்டினார்கள்.

காபி வந்தது, ஆளுக்கு ஒரு துண்டு கேக் வந்தது, பிறகு யோசனைகள் வந்தன.

"நாங்கல்லாம் எப்படிக் கத்துக்கிட்டோம்?" என்றான் ஜெல்லே. "அப்பா என்னைத் தூக்கிச் சாணி வாய்க்கால்ல போட்டாரு. முடிஞ்சுது."

"நீதான் இன்னும் அதுலேர்ந்து வெளிய வரலையே," என்றாள் மாரித்.

"பாத்தியா, படிச்சவ வாய. ஒரு புள்ளைய நனைக்கப் பதினாலு படியாம். எங்க கன்னுக்குட்டிக்கு ஒரே படிதான், வாளி."

"கன்னுக்குட்டி உன்னை மாதிரி. சொன்னாப் புரியாது, ஊத்தத்தான் வேணும்."

வட்டம் முழுக்கச் சிரித்தது. இந்தக் கேலியெல்லாம் மாரித்துக்கு ஒன்றும் செய்யாது. வலித்தது அடுத்து வந்த அன்பான வார்த்தைதான். ஜெல்லேவின் மனைவி கிளாஸ்கே அவள் கையைத் தட்டிக்கொடுத்து, "எதுக்கு அதைப் போட்டுப் படுத்தறே? அவ அப்படித்தானே. சான்றிதழ் இல்லாட்டிதான் என்ன, நாம கூடவே இருந்து பாத்துக்கிட்டாப் போச்சு," என்றாள்.

மாரித் மனதுக்குள் கணக்குப் போட்டாள். எத்தனை நாளைக்குக் கூடவே இருப்பது?

வட்டத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கேக்கின் மேல்பாகத்தைத் தனியாகவும் அடிப்பாகத்தைத் தனியாகவும் சாப்பிட்டுக்கொண்டிருந்த இம்கே நிமிரவே இல்லை. "எனக்கு வேணும்," என்றாள். "கூடவே இருக்கறதுதான் பிரச்சினை."

வீபே அவசர வேலை என்று முன்னாலேயே போய்விட்டான். தாயும் மகளும் சைக்கிளில் கிளம்பினார்கள். நான்கு கிலோமீட்டர், இருபக்கமும் புல்வெளி, ஒரு மரம் கிடையாது. பாதி வழியில்தான் மாரித்துக்கு நினைவு வந்தது, இம்கேவின் மழைக்கோட்டு ஜெல்லே வீட்டு ஆணியிலேயே தொங்குகிறது. அதே சமயம் முதல் தூறல் விழுந்தது.

இம்கே சைக்கிளைக் கீழே போட்டாள். சட்டைக்கையை இழுத்தாள், கழுத்தை இழுத்தாள், அலறினாள். மாரித் தன் கோட்டைக் கழற்றி அவள்மேல் போடப் போனாள். அது ஏற்கெனவே ஈரம், பட்டதும் அலறல் இரண்டு மடங்கானது. புத்தகங்கள் எல்லாம் எங்கே போயினவோ தெரியவில்லை. கோட்டைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் மகளுக்குக் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தாள்.

மழை வலுத்தது. பத்து நிமிடத்தில் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். தலைமுடியிலிருந்து தண்ணீர் ஓடியது, ஷூவுக்குள் தண்ணீர் தளும்பியது.

அலறல் நின்றது.

இம்கே எழுந்தாள். சாலையோரக் குட்டையில் ஒரு கால் வைத்தாள். பிறகு இரண்டு காலாலும் குதித்தாள்.

"இப்ப சரி," என்றாள்.

"என்ன சரி?"

"எல்லாம் ஈரம். எல்லா எடமும் ஒண்ணா இருக்கு." மறுபடி ஒரு குதி. "பாதி ஈரம்தான் மோசம். இங்க ஈரம், இங்க காய்ஞ்சிருக்கு, இங்க ஈரம்னு தோலு கத்திக்கிட்டே இருக்கும்."

மாரித் மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மனதுக்குள் ஃபிரிட்ஜ் கதவு வந்தது. பதினான்கு கட்டங்களில் பதின்மூன்று பாதி ஈரம். ஐந்து வாரமாக, அன்பாக, படம் வரைந்து, மகளுக்கு எது ஆகாதோ அதையே சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கல. 'ரெடியா'ன்னுதான் கேட்ட."

மாரித்துக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் நீர் வந்தது. மழையில் அது வசதியாகப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை நீச்சல்குளத்தில் இம்கே ஒரு யோசனை சொன்னாள். தேர்வில் பெயர் வரிசைப்படி ஏழாவதாக நிற்கும்போது முன்னால் குதிக்கிறவர்கள் தெறிக்கும் தண்ணீர்தான் அவளைப் புள்ளி புள்ளியாக நனைக்கிறது. குதித்த பிறகும் சட்டைக்குள் காற்று அடைத்துக்கொண்டு முதுகு காய்ந்தே நிற்கிறது. முதலிலேயே ஷவரில் முழுக்க நனைந்துவிட்டு வந்து வரிசையில் நின்றால்?

நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஹார்ம் மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "இருபத்திரண்டு வருஷமா எல்லாரும் காய்ஞ்ச துணியோடதாம்மா குதிக்கிறாங்க."

இம்கே பையிலிருந்து தேர்வு விதிகளின் தாளை எடுத்தாள். "கைவச்ச சட்டை. கால்சட்டை. ஷூ. ஷூவுக்கு அடிப்பாகம் இருக்கணும். காய்ஞ்சிருக்கணும்னு எங்கயும் இல்ல."

ஹார்ம் தாளை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இல்லதான். ஆனா யோசிச்சுப் பாரு, வாய்க்கால்ல விழுறவங்க காய்ஞ்ச துணியோடதானே விழுவாங்க?"

"மழை பெய்யும்போதும் விழலாம்."

ஹார்ம் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது. "நம்ம ஊர்ல அதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி," என்றார் மாரித்திடம். "நனைஞ்சுட்டே வரட்டும்."

ஜூன் மாதத் தேர்வுநாள் காலை, பெற்றோர்கள் எல்லாரும் ஷூவுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டு, சூட்டிலும் குளோரின் வாசத்திலும் வேர்த்தபடி பெஞ்சுகளில் நெருங்கி உட்கார்ந்தார்கள். ஜெல்லே குடும்பத்தோடு வந்திருந்தான். கைதட்டக்கூடாது, சத்தம் ஆகாது, வேண்டுமானால் கையை ஆட்டலாம் என்று இம்கே அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள். மாரித் படம் எடுக்கும்போது நன்றாக இருக்கட்டும் என்று புதிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள்.

உடையோடு நீந்தும் கட்டம் வந்தது. மாரித்தும் இம்கேவும் ஷவருக்குப் போனார்கள். இம்கே சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் வந்தது. எட்டு எண்ணுவதற்குள் நின்றது. மறுபடி அழுத்தினாள், மறுபடி நின்றது. சிக்கனத்துக்கு வைத்த பொத்தான். அதை எட்டி அழுத்த அவள் தண்ணீரைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது. உள்ளே போவதற்குள் தண்ணீர் நின்றுவிடும். தோள்பட்டை ஈரம், வயிறு காய்ந்திருந்தது. இம்கேவின் விரல்கள் சட்டைக் கழுத்தை இழுக்கத் தொடங்கின.

வெளியே ஹார்ம் பெயர்களை வாசிக்கும் குரல் கேட்டது.

மாரித் நீல உறையோடு, வெள்ளைச் சட்டையோடு, உள்ளே நுழைந்தாள். பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள். அது வெளியே தள்ளத் தள்ள மறுபடி அழுத்தினாள், அழுத்திக்கொண்டே இருந்தாள். தண்ணீர் மகள்மேல் முழுதாகவும் தாய்மேல் அரைகுறையாகவும் கொட்டியது. வலது கை தோள்வரை நனைந்து ஒட்டியது, இடது கை காய்ந்தே இருந்தது. விலாவில் ஒரு பக்கம் மட்டும் துணி ஜில்லென்று இழுத்தது. உடம்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடுவதுபோல் இருந்தது.

"ஐயோ," என்றாள். "இது நெஜமாவே மோசமா இருக்கு."

"நான் சொன்னேன்ல," என்றாள் இம்கே. கழுத்தை இழுத்த விரல்கள் நின்றிருந்தன. தாயை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, மருந்து எழுதித் தருகிறவள் மாதிரி, "நீயும் முழுசா நனைஞ்சுடு. அப்ப சரியாயிடும்," என்று தள்ளி நின்று இடம் கொடுத்தாள்.

மாரித் முழுசாக நனைந்தாள். சரியாகிவிட்டது.

வரிசையில் ஏழாவதாக இம்கே சொட்டச் சொட்ட நின்றாள். முன்னால் குதித்தவர்கள் தெறித்ததெல்லாம் அவள்மேல் பட்டு ஓடியது. அவள் கவனிக்கக்கூட இல்லை. முறை வந்ததும் குதித்தாள். மிதந்தாள், போனாள், மல்லாந்து திரும்பி வந்தாள், ஷூவோடு கரையில் முழங்கை ஊன்றி யார் கையும் தொடாமல் ஏறினாள். மற்ற பெற்றோர்கள் தட்டும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுகளைத் தேடினாள். அங்கே ஜெல்லே, பால்வாளி தூக்கித் தூக்கித் தடித்த இரண்டு கைகளையும் தலைக்கு மேலே ஒரு சத்தமும் இல்லாமல் ஆட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் மாரித், முழு ஈரமாக, காலில் நீல உறைகளுக்குள் தண்ணீர் நிறைந்து தளும்ப.

"நீயும் பரிச்சை எழுதினியா?" என்று கேட்டான் ஜெல்லே.

"ஆமா."

"பாஸா?"

"அவதான் சொல்லணும்."

வீபே ஒரே ஒரு துண்டுதான் கொண்டுவந்திருந்தான். சான்றிதழ் வாங்கிக் கேன்டீனில் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டபோது அதைத் தாயும் மகளும் மாறி மாறிப் போர்த்திக்கொண்டார்கள்.

மறுநாள் ஞாயிறு. வீபே திருப்புளியோடு போய் வேலிக்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி இம்கேவின் இடுப்பு உயரத்தில் மாட்டினான். இம்கே திறந்தாள், மூடினாள், திறந்தாள். நோட்டோடு துறையின் நுனிக்குப் போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மாரித் சமையலறை ஜன்னலில் நின்று, ஏற்கெனவே கழுவிய தட்டுகளை இன்னொரு முறை கழுவினாள். போய்ப் பார்க்கட்டுமா என்று கால் இரண்டு முறை கேட்டது. தண்ணீரில் விழுந்தால் ஏறி வந்துவிடுவாள். அதை அவளே கண்ணால் பார்த்தாள். என்றாலும் இப்படி நின்று பார்த்துக்கொண்டு போகாமல் இருப்பது இனிமேல்தான் கற்க வேண்டிய பாடம் போலிருந்தது. அதற்கு எத்தனை கட்டம் என்று யோசித்து, யோசனையை விட்டாள். பாலம் ஏறியது, இறங்கியது. நாற்பது நிமிடம்.

இம்கே உள்ளே வந்தாள். நோட்டு தீர்ந்துவிட்டதாம். நேரே ஃபிரிட்ஜுக்குப் போய், மாட்டுக் காந்தத்தை எடுத்து மேசையில் வைத்து, அட்டவணையை உரித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்பக்கம் வெத்தாதான் இருக்கு. எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கோ."

ஃபிரிட்ஜின் கதவு மஞ்சள்.

வாசல்வரை போன இம்கே நின்றாள். "அம்மா, நாளைக்கு நீ வரலாம். பத்து நிமிஷம்."

"மூச்சு?"

இம்கே யோசித்தாள்.

"விட்டுக்கோ," என்றாள். "மெதுவா."