சாமிக்கு மேலே மூன்று பலகை

ஒன்றாம் தேதியிலிருந்து காஞ்சிபுரத்தில் ஆஸ்டலில் தங்கப் போவதாக என் மகள் சொன்னாள். அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கணவன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்து அப்போது நான்கு மாதம். ஏன் வந்தாள் என்பது அவள் விஷயம், அதை நான் எழுத மாட்டேன். காஞ்சிபுரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. காலையும் மாலையும் பஸ். வீட்டுக்கு வந்தால் உட்கார ஒரே ஒரு கூடம். அங்கே யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

"தண்ணி குடிக்க வர்றாமாரி வந்து, இன்னா ஆச்சி இன்னா ஆச்சின்னு கேட்டுக்கினே கீறாங்க நைனா. ஒரே பேஜாரு. கதவ சாத்திக்கினு உக்கார எனக்கு ஒரு எடம் வோணும்," என்றாள்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மச்சைச் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"பண்ணு, பாக்கலாம்," என்றாள். நம்பிச் சொன்ன மாதிரி இல்லை.

எங்களுடையது ஓட்டு வீடு. கூடத்துக்கு மேலே மரப்பலகை பரப்பிய மச்சு அறை ஒன்று உண்டு. கதவும் ஜன்னலும் இருந்தாலும் நெல் மூட்டை அடுக்கத்தான் அது பயன்பட்டது. பலகை எல்லாம் பழைய வேங்கை. வெறுங்காலோடு நடந்தால் சிலாம்பு ஏறும். தச்சர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனியக்கூட இல்லை. "இத்தப் போய் எவன் தேய்ப்பான்? மேல ஷீட்டப் போட்டு மூடிட்டுப் போவியா," என்றார். அந்த ஷீட்டைப் போடவும் அவருக்கு ஒரு மாதம் ஆகுமாம். நான் மானாம்பதிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வேலை செய்கிறவன். தூசியும் பெல்ட்டும் பழக்கம். தேய்க்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். அதில் பெல்ட் மாதிரி உப்புத்தாள் சுற்றிக்கொண்டே ஓடும்.

பிள்ளையாரை வேண்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். ஒரு நிமிடத்தில் தாள் கிழிந்தது. ஆணித் தலைகள் மேலே நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு மூன்று மாலை ஆணிகளோடே போயிற்று. ஒவ்வொரு ஆணியின் மேலும் இன்னொரு பெரிய ஆணியை நிறுத்தி, சுத்தியால் அடித்து மரத்துக்குள் இறக்கினேன். அப்புறம்தான் மெஷின் ஒழுங்காக ஓடியது. கறுப்பு போய் உள்ளே சிவப்பாக மரம் தெரிந்தது. பலகை இடுக்கு வழியாகத் தூள் எல்லாம் கீழே கொட்டியது. என் மனைவி பழைய புடவைகளை விரித்து மூடியும் அடங்கவில்லை.

"கொழம்புல மரத்தூளு. இன்னைக்கு உப்புப் போடல, இத்தையே துன்னு," என்று கீழேயிருந்து கத்தினாள்.

ஈசானிய மூலைக்கு வந்ததும் என் கை நின்றது. அந்த மூலைக்கு நேர் கீழே, கூடத்தில்தான் சாமிப் படங்கள் இருக்கும் எங்கள் பூஜைப் பலகை. அதற்கு மேலே வரும் மூன்று பலகையை எங்கள் வீட்டில் யாரும் மிதித்தது கிடையாது. மூட்டைகூட அங்கே வைக்க மாட்டோம். சாமி தலைமேல் கால் வைப்பதா? மற்ற பலகைகள் நடந்து நடந்து தேய்ந்திருக்க, இந்த மூன்றும் நகக்கண் அளவு மேடாக இருந்தன. விளக்குப் புகை இடுக்கில் கறுப்பாக ஏறியிருந்தது.

அன்றும் மிதிக்க மனம் வரவில்லை. இந்தப் பக்கம் முட்டி போட்டு, கையை எட்ட நீட்டி, மெஷினை அந்த மேட்டின் மேல் தள்ளினேன். எட்டிப் பிடித்தால் மெஷின் கைக்கு அடங்காது. அது சாய்ந்து ஒரே இடத்தில் கடித்து, நடுப்பலகையில் பிறை மாதிரி ஒரு பள்ளம் தோண்டிவிட்டது.

மாலையில் மகள் மேலே வந்து பார்த்தாள். தேய்த்த இடத்தைப் பாதத்தால் தடவினாள். அந்த மூன்று பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஜன்னல் இந்தப் பக்கந்தான கீது. கட்டிலு எங்க போடறது?"

நான் மெஷின் வயரைச் சுருட்டினேன்.

"மாசத்துல அந்த மூணு நாளு சாமிக்கு மேல நான் படுக்கலாமா? கூடாதும்பீங்க. அப்போ எங்க போறது நைனா? ஆஸ்டல்ல அந்தக் கேள்வியே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு வலித்தது அதனால்தான். பத்து நாளாக முட்டி தேய வேலை செய்தவன், அவள் தங்க முடியாத அறையைத்தான் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

திருப்புலிவனம் கோயிலுக்குப் போய்ச் சிவனைப் பார்த்து நின்றேன். சாமியை இடம் மாற்றலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றும் தோன்றவில்லை, சரி என்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், சாமிப் படங்களைச் சமையல் அறைக் கிழக்குச் சுவருக்கு மாற்றிவிடலாம் என்றேன்.

"உனக்கு இன்னா ஆச்சி? உங்கம்மா வெச்ச எடம்."

"பொண்ணு போயிடுவா."

அவள் சாமிப் படங்களை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "வெள்ளிக்கெழம பண்ணு. தல முழுவிட்டுத் தொடு," என்றாள்.

வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்பே படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, புதுச் சுவரில் மாட்டி, விளக்கேற்றினோம். கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பிறகு மச்சுக்கு ஏறி அந்தப் பலகை மேல் நின்றேன். பலகையிலிருந்து ஒரு முனகல் சத்தம் வந்தது. நிற்க இடம் கிடைத்ததும் மெஷின் சொன்னபடி கேட்டது. மேடு போயிற்று. பள்ளம் முழுதாகப் போகவில்லை. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன், இப்போதும் தழும்பு மாதிரி தெரியும். பிறகு மெல்லிய தாளைக் கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே கையால் தேய்த்தேன். தூளைத் துடைத்துவிட்டு வார்னிஷ் ஒரு பூச்சு. காய்ந்ததும் பார்த்தால் சொரசொரப்பு கிளம்பியிருந்தது. அதை லேசாகத் தேய்த்து இரண்டாம் பூச்சு. முப்பதாம் தேதி காலையில் கையை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

மகள் வேலையிலிருந்து வந்து, கீழே மாறியிருந்த சாமி படங்களைப் பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட்டுக் கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, இருவருமாக மேலே ஏற்றினார்கள். ஜன்னலோரம் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்றாம் தேதி காலை வழக்கமான பஸ்ஸுக்குப் போனாள், வழக்கமான பஸ்ஸில் திரும்பினாள்.

எனக்குத்தான் இன்னும் பழகவில்லை. விடியற்காலையில் எழுந்ததும் கை தானாக ஈசானிய மூலையைப் பார்த்துக் குவிகிறது. அங்கே இப்போது அரிசி டிரம் இருக்கிறது.

"டிரம்மையா கும்புடற?" என்று மனைவி சிரிக்கிறாள். "சாமி இந்தாண்ட கீது, திரும்பு."