கோல் நின்ற பிறகும் வாசித்தோம்

எங்கள் பழைய சிம்பொனி இசைக்குழுவை மறுபடி தொடங்கப் போகிறோம் என்று மலாக்காவில் சில இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். நிகழ்ச்சிப் புத்தகத்துக்குக் குழுவின் வரலாற்றை ஒரே பக்கத்தில், ஆங்கிலத்தில், எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். பழைய ஆட்களில் ஊரோடு மிஞ்சியிருப்பவள் நான்தான். எழுதிக் கொடுத்தேன். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் தொடங்கினார், சீனர் சங்கக் கட்டடத்தின் மாடியில் ஒத்திகை நடந்தது, பள்ளி மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் கச்சேரி செய்தோம், பிறகு நிறுவனர் உடல்நலக் காரணங்களால் விலகினார். அந்தக் கடைசி வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் நடந்தது அது இல்லை.

நான் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். பூசைப் பாட்டுக்கு வயலின் வாசிக்க ஆள் வேண்டும் என்று ஒரு கன்னியாஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்ததோடு என் சங்கீதப் படிப்பு முடிந்தது. குருபோங்கில் தொழிற்சாலை வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகுதான் இந்தக் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது மாமியார் கவலைப்பட்டார்.

"கல்யாணத்துல சினிமா பாட்டு பாடுவாங்களே, அந்த ஆர்கெஸ்ட்ராவா? நம்ம ஆளுங்க என்னம்மா சொல்லுவாங்க?"

"அது இல்ல அத்தை. இதுல யாரும் பாட மாட்டாங்க."

"பாட மாட்டாங்களா? அப்புறம் எதுக்குலா போறே?"

வயலினைத் தூக்கிக்கொண்டு போனேன்.

குழுவைத் தொடங்கி, கையில் கோலோடு முன்னால் நின்று நடத்திய டாக்டர் யாழ்ப்பாணத் தமிழர். தாத்தா காலத்திலேயே இங்கு வந்துவிட்ட குடும்பம். வீட்டில் புழங்கியது ஆங்கிலம்தான் என்றாலும் என்னிடம் பேசும்போது மட்டும் அவருடைய அம்மாவின் தமிழ் வெளியே வரும். குழுவில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் பெரும்பாலும் சீனர்கள், சில மலாய்க்காரர்கள். பள்ளி ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், சைக்கிள் கடைக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர். போலீஸ்காரர் டிரம்பெட் வாசித்தார். முழுக்குழு என்று ஒருநாளும் எங்களுக்கு அமைந்ததில்லை. வயோலா வாசிக்க ஆள் கிடைக்காமல் அந்த நாற்காலி வருடக்கணக்கில் காலியாகவே கிடந்தது. இல்லாத வாத்தியத்தின் வரிகளை இருக்கிறவர்களுக்குப் பிரித்துப் பிரித்து, பென்சிலால் எழுதிக் கொடுப்பார் டாக்டர்.

மாடியில் வெக்கை தாங்காது. மின்விசிறி போட்டால் இசைத்தாள் பறக்கும். துணி மாட்டும் கிளிப்பை ஒரு பை நிறைய அவரே வாங்கி வருவார். அவர் மனைவி இறந்துவிட்டார், மகள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் குடியேறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதிய ஒத்திகைக்காகத்தான் அவருடைய மற்ற ஆறு நாளும் நகர்ந்தன என்று நினைக்கிறேன்.

அவருக்குக் காது கேட்பது குறைவதை முதலில் கவனித்தவர் முதல் வயலின் வாசித்த சீனப் பெண்மணி. வீட்டில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பவர், எங்களில் முறையாகப் படித்த ஒரே ஆள். புல்லாங்குழல்காரர் நன்றாகவே ஊதிக்கொண்டிருக்கும்போது டாக்டர் நிறுத்தி, "ஏன் வாசிக்கவில்லை?" என்று கேட்பார். வேகமான பகுதிகளில் அவர் கை எதற்கோ காத்திருப்பது போலத் தயங்கும். கோலைப் பார்த்து வாசித்தால் பாட்டு தள்ளாடியது.

ஒருநாள் ஒத்திகை முடிந்து அவர் போன பிறகு கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசினோம்.

"யாராவது சொல்லித்தான் ஆகணும்," என்றார் போலீஸ்காரர்.

"நீங்க சொல்றீங்களா?" என்றார் முதல் வயலின் அம்மா.

போலீஸ்காரர் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் தேநீரைக் கீழே வைக்கவில்லை.

"அவர் ஆரம்பிச்சது. அவரை எப்படி இறக்கிவிடுறது?" என்றார் அந்த அம்மா. "என் வில்லைப் பாருங்க. நான் எங்க எடுக்கிறேனோ அங்க எடுங்க. அவர் பாட்டுக்குக் கையை ஆட்டட்டும். சந்தோஷமா இருக்கட்டும்."

எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும். அடுத்த ஞாயிறு முதல் எங்கள் கண் கோலை விட்டு வில்லுக்குப் போனது. பாட்டு சீராகியது. கச்சேரியில் கைதட்டல் நன்றாக இருந்தது. டாக்டர் எங்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கும்பிட வைத்தார். அவருடைய சட்டை முதுகில் ஒட்டிப்போய் நனைந்திருந்தது.

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அப்போதுதான் மஸ்ஜித் தானாவிலிருந்து ஒரு மலாய் ஆசிரியை கிளாரினெட் வாசிக்க வந்தார். அமைதியான பெண். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவின் கிளாரினெட்டை அனுமதி வாங்கி எடுத்து வருவார். அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து, எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். எங்கள் ஏற்பாட்டை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.

கச்சேரிக்கு முந்தைய ஒத்திகை. மெதுவான பகுதி ஒன்றில் நாங்கள் எல்லாம் அடங்கி ஒலிக்க, கிளாரினெட் தனியாக எழ வேண்டும். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர, கையை நீட்டினார். பிந்தி நீட்டினார். அதற்குள் நாங்கள் வில்லைப் பார்த்துக் கடந்து போய்விட்டோம். அந்தப் பெண் அவர் கையைப் பார்த்துச் சரியாக எடுத்தார். எங்களோடு சேரவில்லை. எல்லாம் குழம்பி நின்றது. மறுபடி தொடங்கினோம். மறுபடியும் அப்படியே ஆனது. மூன்றாவது முறை பின்னாலிருந்து போலீஸ்காரர் கத்திவிட்டார்.

"தெங்கோக் டெப்பான் லா!"

முன்னால் பார் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் முகம் சிவந்து கண் நிறைந்துவிட்டது. மலாயில் மெல்லச் சொன்னார், "நான் டாக்டரைத்தானே பார்க்கிறேன்."

அது டாக்டருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் வயலினில் முதல் நாற்காலி என்னுடையது, அவருடைய மேடைக்கு மிக அருகில். குனிந்து என்னிடம் கேட்டார்.

"அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"கேக்கேல்ல. சத்தமாச் சொல்லும்."

நான் எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. "உங்களப் பாத்துத்தான் வாசிச்சேன்னு சொல்றாங்க!"

மாடி முழுக்கக் கேட்டது. ஆனால் புரிந்தது அவர் ஒருவருக்குத்தான். 

"அப்ப மற்றவை ஆரைப் பாக்கினம்?"

 என் கண் தானாக முதல் வயலின் அம்மாவின் வில்லுக்குப் போய்த் திரும்பியது. அவரும் அங்கே பார்த்தார்.

கோபப்படவில்லை. தாளைப் பின்னுக்குப் புரட்டி, பகுதியின் தொடக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார். கோலைத் தூக்கினார். வாசிக்கத் தொடங்கினோம். சிறிது தூரம் போனதும் அவருடைய இரண்டு கைகளும் மெதுவாகக் கீழே இறங்கிப் பக்கவாட்டில் தொங்கின. வெறுமனே நின்று எங்களைப் பார்த்தார். நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றாத அளவுக்கு வில்லைப் பார்த்துப் பழகியிருந்தோம். கிளாரினெட் மட்டும் நின்றுபோனது. பகுதி முடியும்வரை வாசித்தோம், அவர் முடியும்வரை நின்றார். பிறகு கோலைத் தாள்களின் மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். முதல் வயலின் அம்மா வயலினை மடியில் வைத்துக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

கச்சேரி நடந்தது. அந்த அம்மா முதல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலையசைத்து நடத்தினார். ஆசிரியை வராததால் கிளாரினெட் வரியைப் புல்லாங்குழல்காரர் வாசித்தார். எங்கள் கச்சேரிகளில் சுத்தமாக அமைந்தது அதுதான் என்று பலரும் சொன்னார்கள். 

சில வாரம் கழித்து டாக்டர் வீட்டுக்குப் போனேன். அவரே கதவைத் திறந்தார். காதில் கருவி போட்டிருந்தார்.

"சமையல்காரி பாத்திரம் வைக்கிற சத்தம் நல்லாக் கேக்குது. வயலின் கேட்டா தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்குது," என்றார். வாழ்நாளெல்லாம் பல் துளைக்கும் மெஷினைக் காதோரம் வைத்திருந்ததன் பலன் என்று அவரே சொன்னார்.

"எங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல டாக்டர்."

"எனக்குத் தெரியும் பிள்ளை."

"என்ன தெரியும்?"

"நீங்கள் என்னைப் பாக்கேல்ல எண்டு. நான் கடைசியா நடத்தின கச்சேரியிலயே தெரியும். ஒருத்தரும் சொல்லேல்ல, நானும் கேக்கேல்ல. வீட்டில இருந்து என்ன செய்யிறது? கையை ஆட்டிக்கொண்டாவது நிப்பம் எண்டு இருந்தன். ஆனா அந்தப் பிள்ளை என்னை நம்பினதால ஏச்சு வாங்கினது. அதைப் பாத்துக்கொண்டு நிக்கேலாது."

தன்னை மஸ்ஜித் தானாவுக்கு அழைத்துப் போகும்படி கேட்டார். அடுத்த சனிக்கிழமை என் காரில் போனோம். ஆசிரியை பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் காத்திருந்தார். டாக்டரைக் கண்டதும் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து வணங்கினார். டாக்டர் மலாயில் சொன்னார், "நீங்கள் வாசித்தது சரி. தப்பு என்னுடையது."

அந்தப் பெண் சிரிக்க முயன்றார். "பரவாயில்லை டாக்டர். நான்தான் சரியாக வாசிக்கவில்லை என்று நினைத்தேன். கிளாரினெட்டைப் பள்ளியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்."

கடையில் இரைச்சல். டாக்டருக்குப் பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் தமிழில் சொன்னேன், இரண்டு முறை, சத்தமாக.  அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"திரும்பி வரச் சொல்லு."

சொன்னேன். பார்க்கலாம் என்றார் அந்தப் பெண். அவர் வரவில்லை.

டாக்டர் அடுத்த ஆண்டே மகளிடம் போய்விட்டார். குழு சிறிது காலம் தொடர்ந்தது. ஒவ்வொருவராகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். பிறகு தொற்றுக்காலம் வந்து மாடியைப் பூட்டினார்கள், அதன் பின் யாரும் சாவி கேட்கவில்லை. அந்த ஊரடங்கில்தான் பெர்த்திலிருந்து செய்தி வந்தது. மகள் எனக்கு அழைத்து, தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள். குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. முதல் வயலின் அம்மா மட்டும் எதுவும் போடாமல் எனக்கு அழைத்தார்.  அவர் அழுவது கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மஸ்ஜித் தானா ஆசிரியை அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அவருக்குத் தனியாக அழைத்தேன். எண் கைமாறியிருந்தது, வேறு யாரோ ஓர் ஆண் எடுத்தார். தவறாக அழைத்துவிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.